எண்பதாயிரம் நூல்களும் ஐந்நூறு பெட்டிகளும்: யூதின் தொகுப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

1907ஆம் ஆண்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிகள் சைபீரியாவிலிருந்து புறப்பட்டு, ரயிலிலும் கப்பலிலுமாகப் பாதி உலகைச் சுற்றி வாஷிங்டன் வந்து சேர்ந்தன. உள்ளே இருந்தவை ஏறத்தாழ 80,000 நூல்களும் இதழ்த் தொகுதிகளும். அநேகமாக எல்லாமே ரஷ்ய மொழியில். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் ஸ்லாவியத் தொகுப்பு (ரஷ்யம் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகளின் நூல்கள்) உண்மையில் தொடங்குவது அந்தப் பெட்டிகளில்தான்.

அந்த வாங்கலை முதலிலிருந்து முடிவுவரை இங்கே பதிவு செய்கிறேன். தொகுப்புக்கே பெயரானவர் என்பதால் விற்றவரான சைபீரிய வணிகர் கென்னாதி யூதினை மட்டும் பெயரோடு குறிப்பிடுகிறேன். முடிவெடுத்தவர்களையும் உழைத்தவர்களையும் அவரவர் பொறுப்பால் மட்டுமே சுட்டுகிறேன். நூலகத்துக்குப் பெருந்தொகுப்புகள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், வாங்கியதைப் பட்டியலிட்டு அடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி: வாஷிங்டனில்

காங்கிரஸ் நூலகம் 1800இல் தொடங்கியது. 1814இல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குத் தீ வைத்தபோது அதுவும் எரிந்தது. மறுஆண்டு தாமஸ் ஜெஃபர்சனின் சொந்த நூலகத்திலிருந்து 6,487 நூல்களை 23,950 டாலருக்கு வாங்கி மீண்டும் தொடங்கினார்கள். ஆகவே ஒரு தனிமனிதரின் நூலகத்தை மொத்தமாக வாங்குவது அந்த நிறுவனத்துக்குப் புதிதல்ல. அதன் மறுபிறப்பே அப்படித்தான் நிகழ்ந்தது.

1897இல் அது தன் பெரிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. 1899இல் புதிய தலைமை நூலகர் பொறுப்பேற்றார். அலமாரிகளில் இடம் இருந்தது, தலைமையில் ஊக்கம் இருந்தது, ஆனால் மேற்கு ஐரோப்பாவுக்கு அப்பால் உள்ள மொழிகளில் நூல்கள் மிகச் சொற்பம். ரஷ்யப் பேரரசைப் பற்றிப் படிக்க வருபவருக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் எழுதப்பட்டதையே கொடுக்க முடிந்தது. நாட்டின் நூலகம் என்றால் எல்லா மொழிகளிலும் அதற்கு வேர் இருக்க வேண்டும் என்பது புதிய தலைமை நூலகரின் எண்ணம். 1902இல் அவர் ஒரு ரஷ்யரைப் பணியில் சேர்த்தார். இளம் வயதில் அமெரிக்கா வந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்து, வேறு சில பல்கலைக்கழக நூலகங்களிலும் வேலை பார்த்திருந்தவர் அவர். இந்த ஆய்வில் அவரை 'ரஷ்ய ஊழியர்' என்று குறிப்பிடுகிறேன்.

பின்னணி: சைபீரியாவில்

கென்னாதி யூதின் 1840இல் பிறந்தவர். யெனிசே நதிக்கரையிலுள்ள கிராஸ்னயார்ஸ்க் நகரத்து வணிகர். மதுவடிப்பாலைகளிலும் தங்கச் சுரங்கத்திலும் பொருள் ஈட்டியவர். ஈட்டியதில் பெரும்பகுதி புத்தகமாயிற்று. நகரத்துக்கு வெளியே தரக்கானவோ என்ற இடத்தில் தன் வீட்டுக்கு அருகிலேயே நூல்களுக்கென்று தனியாக ஒரு மரக்கட்டடம் கட்டினார்.

காட்சிப் பொருளாக வைக்கும் ஆசையில் சேர்த்த தொகுப்பாக அது தெரியவில்லை. ரஷ்ய வரலாறு, இலக்கியம், சைபீரியா பற்றிய எழுத்துகள், நூற்பட்டியல்கள், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து முக்கிய இதழ்களின் முழு வரிசைகள் என்று ஓர் ஆய்வாளர் எதைத் தேடுவாரோ அதை அறிந்து சேர்த்திருந்தார். ஓர் இதழின் முதல் ஆண்டும் இருபதாம் ஆண்டும் கையில் இருந்து நடுவில் ஏழு ஆண்டுகள் இல்லாவிட்டால், அந்த வரிசையால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூட இல்லை. யூதின் அந்த இடைவெளிகளை நிரப்பப் பணமும் பொறுமையும் செலவிட்டவர்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1897 மார்ச்சில், ஷூஷென்ஸ்கொயே கிராமத்துக்கு நாடுகடத்தப்பட்டுப் போகும் வழியில் லெனின் கிராஸ்னயார்ஸ்கில் தங்க நேர்ந்தது. ஆற்றில் பனி உருகிப் படகு விடும்வரை அவருக்குக் காத்திருப்புதான். அந்த நாட்களில் நகரத்திலிருந்து நடந்தே யூதினின் நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். தன் துறைக்கு வேண்டிய நூல்கள் அங்கே அதிகம் இல்லை என்றாலும் இதழ்களின் முழு வரிசைகள் இருப்பதை வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறார். அரசு நாடுகடத்திய ஒருவருக்கு ஒரு பணக்கார வணிகர் தன் நூலகக் கதவைத் திறந்துவிட்டார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது தனியார் நூலகம்தான். ஆனாலும் வாசிக்க வந்தவரை அது திருப்பி அனுப்பவில்லை.

விற்க நினைத்ததன் காரணங்கள்

யூதினுக்கு வயது அறுபதைத் தாண்டியது. மரக்கட்டடத்தில் எண்பதாயிரம் புத்தகம் என்பதன் பொருள் கிராஸ்னயார்ஸ்க் மக்களுக்கு நன்றாகத் தெரியும்; 1881 தீயில் அந்த நகரத்தின் பெரும்பகுதி சாம்பலானது. அதற்கு மேல் 1905ஆம் ஆண்டின் கொந்தளிப்பு வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் கிராஸ்னயார்ஸ்கிலேயே தொழிலாளர்களும் படைவீரர்களும் எழுந்து நகரத்தைச் சில நாட்கள் தங்கள் கையில் வைத்திருந்தார்கள்.

நூல்கள் ரஷ்யாவிலேயே இருக்க வேண்டும் என்றுதான் யூதின் முதலில் முயன்றார். முழுவதையும் ஒன்றாக வாங்கிக்கொள்ள அங்கே யாரும் முன்வரவில்லை. பிற்காலத்தில் ரஷ்ய எழுத்தாளர்களும் நூலகர்களும் இந்த விற்பனையை நாட்டுக்கு நேர்ந்த இழப்பு என்று எழுதி வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கத் தயாராக அவர் காத்திருந்த ஆண்டுகளில் வாங்க வேண்டியவர்கள் வாங்காமல் இருந்தார்கள்.

நேரில் கண்டது

வாஷிங்டன் தலைமை செய்த முதல் சரியான காரியம், ஆளை நேரில் அனுப்பியது. ரஷ்ய ஊழியர் கிராஸ்னயார்ஸ்க் சென்று தொகுப்பை அலமாரி அலமாரியாகப் பார்வையிட்டார். பார்த்ததை விளக்கி அவர் எழுதிய சிறு நூல் 1905இல் வாஷிங்டனில் ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் அச்சானது. எந்தத் துறையில் என்ன இருக்கிறது, எது அரிது, எது முழுமை என்பதை அது சொல்கிறது.

அந்தச் சிறு நூல் இரண்டு வேலைகளைச் செய்தது. ரஷ்ய மொழி தெரியாத தலைமைக்கு, எதற்குப் பணம் கொடுக்கப் போகிறோம் என்பதைக் காட்டியது. மற்றொன்றை அப்போது யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்: அந்த மரக்கட்டடத்துக்குள் தொகுப்பு முழுமையாக இருந்த நாளின் சித்திரத்தைக் காப்பாற்றி வைத்தது. பின்னால் நடந்ததை அறிந்து படிக்கும்போது அதன் அருமை கூடுகிறது.

விலையும் முடிவும்

1906இல் ஒப்பந்தமாயிற்று. விலை 40,000 டாலர். யூதின் அதற்காகச் செலவழித்ததோ அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆகவே இந்த வாங்கலைக் கிட்டத்தட்ட ஒரு நன்கொடையாகவே கருத வேண்டும் என்று நூலகம் தன் ஆண்டறிக்கையில் எழுதியது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நூலுக்கு அரை டாலர். 1815இல் ஜெஃபர்சனுக்குக் கொடுத்தது நூல் ஒன்றுக்கு மூன்றரை டாலருக்கு மேல். இவ்வளவு மலிவாகக் கிடைத்ததே பின்னால் வந்த சிக்கலுக்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. அரை டாலர் என்பது நூலின் விலை மட்டும்தான். அதைத் திறந்து, படித்து, பட்டியலுக்கான அட்டை எழுதி, பொருள்வாரியான பகுப்பெண் கொடுத்து, அலமாரியில் வைப்பதற்கு ஆகும் செலவு அதில் சேராது. நூல் தமிழாயினும் ரஷ்யமாயினும் அந்தச் செலவு பெரும்பாலும் நூலின் விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்; அந்த மொழி தெரிந்தவர்கள் அரிதாக இருக்கும் ஊரில் இன்னும் கூடும்.

வாங்கியது சரியா என்று கேட்டால், சரி என்றே சொல்வேன். பதினோரு ஆண்டுகளில் புரட்சி வந்தது. அதன் பின்னே உள்நாட்டுப் போர். ஒரு வணிகரின் மரக்கட்டடத்தில் இருந்த நூல்கள் அந்தக் காலத்தைக் கலையாமல் கடந்திருக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

கட்டி அனுப்பிய குளிர்காலம்

1906–07 குளிர்காலத்தில் ரஷ்ய ஊழியர் மீண்டும் கிராஸ்னயார்ஸ்க் சென்றார். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு நூல்களை இறக்கி, துடைத்து, பெட்டியில் அடுக்கி, ஆணி அடிக்கும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. அந்த ஆட்களின் பெயர்கள் இந்த வரலாற்றில் எங்கும் இடம்பெறவில்லை. நூல் ஒன்று அரைக் கிலோ என்று கொண்டால்கூட மொத்தம் நாற்பது டன். பெட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது நூல்கள். பெட்டிகள் சைபீரிய ரயில் பாதையில் ஐரோப்பாவுக்குப் போய், ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் ஏறி, நியூயார்க் வழியாக வாஷிங்டன் சேர்ந்தன. யெனிசேயின் மேல் ரயில் பாலம் 1899இல்தான் கட்டி முடிந்திருந்தது.

பெட்டிகளோடு இன்னொன்றும் வந்தது. அலாஸ்கா ரஷ்யாவின் கையில் இருந்த காலத்தில் அங்கே வாணிபம் செய்த ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி தொடர்பான கையெழுத்து ஆவணங்கள் அவை. 1867இல் 72 லட்சம் டாலருக்கு வாங்கிய நிலத்தின் பழைய வரலாறு இப்படி நாற்பது ஆண்டுகள் கழித்து, ஒரு சைபீரிய வணிகரின் சேகரிப்பிலிருந்து அமெரிக்கத் தலைநகருக்கு வந்தது. யூதின் சேர்த்த மற்ற கையெழுத்து ஆவணங்களில் பெரும்பகுதி கிராஸ்னயார்ஸ்கிலேயே தங்கிவிட்டது.

பிரித்து அடுக்கும் முடிவு

நூலகம் அந்த ஆண்டுகளில் தனக்கென்று ஒரு புதிய பகுப்பு முறையை உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல் எந்தப் பொருளைப் பற்றியதோ அந்தப் பொருளுக்குரிய எழுத்தின் கீழ் போகும். வாங்கிய தொகுப்பாக இருந்தாலும் தனியே வைக்காமல் அந்த முறைக்குள் கரைப்பதே வழக்கம். யூதின் நூல்களுக்கும் அதுவே நேர்ந்தது. வரலாறு ஓரிடம் போயிற்று, பொருளாதாரமும் புள்ளிவிவரமும் வேறிடம், இலக்கியம் இன்னோரிடம், நூற்பட்டியல்கள் மற்றோரிடம். மிக அரியவை பின்னால் அரிய நூல் பிரிவைச் சேர்ந்தன.

இந்த முடிவுக்கு வலுவான காரணம் இருந்ததை மறுக்க முடியாது. சைபீரிய விவசாயத்தைப் பற்றிப் படிக்க வருபவருக்கு ஆங்கில நூலும் ரஷ்ய நூலும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் நல்லதுதான். வாசகர் தேடி வருவது பொருளை. நூலின் பழைய உடைமையாளர் யார் என்பது அவருக்குத் தேவையில்லை. பட்டியல் எழுதும் வேலையில் இருப்பவர்கள் இன்றும் இதைத்தான் சொல்வார்கள். நானும் பெரும்பாலும் இதையே சொல்வேன்.

ஆனால் கரைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்த நூல் எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு நூலின் பதிவிலும் எழுதிவிட வேண்டும். அது நடந்த அளவு போதாது. இன்று ஒரு நூல் யூதினுடையதா என்று உறுதி செய்ய விரும்புபவர் அதை அலமாரியிலிருந்து எடுத்து, உள்ளட்டையில் உடைமைச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய கட்டு நைந்து புதிய கட்டுப் போட்டிருந்தால் அந்தச் சீட்டும் போயிருக்கக்கூடும்.

பட்டியலில் தேங்கியது

80,000 தொகுதிகளை ஒரே ஆள் நாளுக்கு இருபது வீதம் ஆண்டுக்கு 300 நாள் பட்டியலிட்டால், முடிக்கப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ரஷ்ய மொழி படிக்கத் தெரிந்த ஊழியர்கள் அங்கே விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்தார்கள். ரஷ்ய இலக்கியத்துக்கான விரிவான பகுப்பு அட்டவணை அச்சில் வந்ததோ பல பத்தாண்டுகள் கழித்து. ஆகவே தொகுப்பின் பெரும்பகுதி நீண்ட காலம் முழுமையான பட்டியல் இல்லாமலே இருந்தது.

இதற்கிடையில் 1910இல் ரஷ்ய ஊழியர் வேலையை விட்டுத் தாய்நாடு திரும்பிவிட்டார். அங்கே ரஷ்ய மொழியில் அமெரிக்க வரலாறு ஒன்று எழுதி 1912இல் வெளியிட்டார். வோல்கா நதிக்கரையிலுள்ள சரத்தோவ் நகரில் புரட்சியையும் பஞ்சத்தையும் நேரில் கண்டு, நாட்குறிப்பு எழுதி வைத்தார். 1922இல் மீண்டும் அமெரிக்கா வந்தார். 1927இல் அதே நூலகத்துக்குத் திரும்பி, 1930இல் இறக்கும்வரை ஸ்லாவியப் பிரிவைக் கவனித்தார். அலமாரிகளின் வரிசையைக் கிராஸ்னயார்ஸ்கில் தன் கண்ணால் பார்த்து, தன் கையால் பெட்டியில் அடுக்கியவர் பதினேழு ஆண்டுகள் அங்கே இல்லாமல் இருந்தார். அவர் மனத்தில் இருந்ததைத் தாளில் இறக்கி வைக்க வேண்டிய காலம் சரியாக அந்தப் பதினேழு ஆண்டுகள்தான்.

அவர் இல்லாத நேரத்தில் மொழியின் எழுத்தே மாறியது. 1918 சீர்திருத்தம் ரஷ்ய எழுத்துகளில் சிலவற்றை நீக்கியது. மெய்யில் முடியும் சொற்களின் கடைசியில் ஒலியே இல்லாமல் நின்றுகொண்டிருந்த வன்குறியையும் எடுத்துவிட்டது. யூதினின் நூல்கள் அனைத்தும் பழைய எழுத்தில் அச்சானவை. அட்டைப் பட்டியலில் இது என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற விமர்சகர் பெலின்ஸ்கியின் பெயரில், பிற்பாடு நீக்கப்பட்ட 'யாத்' என்ற எழுத்து இருந்தது. பழைய நூலின் முகப்பைப் பார்த்து ரோமன் எழுத்தில் பெயர்த்தால் அவர் பெயர் 'பியெ' என்று தொடங்கும். புதிய நூலைப் பார்த்துப் பெயர்த்தால் 'பெ' என்று தொடங்கும். அட்டை இழுப்பறையில் இந்த இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான அட்டைகள். யாராவது ஒருவர் உட்கார்ந்து 'இதையும் பார்க்க' என்று ஓர் இணைப்பு அட்டை எழுதி வைக்காவிட்டால், ஒரே ஆசிரியர் இரண்டு ஆட்களாகிவிடுவார். பாதி நூல்கள் இல்லை என்று நினைத்தே வாசகர் எழுந்து போவார். இப்படிப் போனவர்களின் எண்ணிக்கை எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

பின்விளைவுகள்

தொகுப்பு பயன்படத் தொடங்கியபோது அதன் மதிப்பு தெரிந்தது. 1930களின் தொடக்கத்தில், புரட்சிக்குப் பின் விற்பனைக்கு வந்த ரஷ்ய அரச குடும்பத்தின் நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நூலகம் ஒரு நியூயார்க் வணிகர் மூலம் வாங்கியது. அழகான கட்டுகளோடு வந்த அந்த நூல்களுக்கு அடியில் உறுதியான அடித்தளமாக யூதின் நூல்கள் இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ரஷ்ய ஆய்வு பெருகியது. 1948இல் நூலகம், புதிதாக வரும் ரஷ்ய நூல்களின் மாதப் பட்டியலை வெளியிடத் தொடங்கியது. 1951இல் ஸ்லாவிய, மத்திய ஐரோப்பியப் பிரிவு தனியாக அமைந்தது. 1961இல், நூலகத்திலுள்ள 18ஆம் நூற்றாண்டு ரஷ்ய நூல்களுக்கென்று ஒரு பட்டியல் அச்சில் வந்தது. பெட்டிகள் வந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

இதே நிலை இன்று வந்தால்

விலைப் பேச்சோடு சேர்த்தே பட்டியலுக்கான பணத்தையும் கேட்பேன். நாற்பதாயிரம் டாலருக்கு நூல்கள் என்றால் அதே கோரிக்கைத் தாளில், அந்த மொழி தெரிந்த நான்கு பேருக்கு ஐந்து ஆண்டுச் சம்பளமும் எழுதியிருக்க வேண்டும். பின்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், பின்னால் கேட்கும்போது பணம் கொடுப்பவர்கள் "அதுதான் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதே" என்பார்கள்.

அலமாரிகள் கலையும் முன்பே, மூலக் கட்டடத்தில் வைத்தே வரிசைப்படி ஒரு கணக்கெடுப்பு. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, அலமாரி எண் என்று நூலுக்கு ஒரே ஒரு வரி போதும். 1905 சிறு நூல் தொகுப்பின் முகத்தைக் காட்டுகிறது. இந்தக் கணக்கெடுப்பு அதன் எலும்புக்கூட்டைக் காத்திருக்கும். மூட்டை கட்டிய அந்த மாதங்களில், ஒவ்வொரு நூலும் எப்படியும் ஒருவர் கையில் ஏறி இறங்கிய நேரத்தில், இதற்கு வாய்ப்பு இருந்தது. அப்போது தவறியதை அதன் பிறகு எந்த வகையிலும் ஈடுகட்ட முடியாது.

நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைப்பதை நான் மாற்ற மாட்டேன். ஆனால் ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் தொகுப்பின் பெயரை எழுதச் சொல்வேன். ஒரு சொல்தான், பேனாவை மைக்கூட்டில் தொட்டு எடுக்கும் நேரம்தான் ஆகும்.

பொறுப்பிலிருந்த ஊழியர் போகும் முன், அவர் அறிந்தது அனைத்தையும் எழுதி வாங்கியிருப்பேன். 1910இல் அவர் ஊர் திரும்புகிறார் என்றதும் தலைமை கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கிராஸ்னயார்ஸ்கில்

பெட்டிகள் போன பிறகு யூதின் மறுபடியும் புத்தகம் வாங்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. 1912இல் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்த இரண்டாவது நூலகம் ரஷ்யாவை விட்டுப் போகவில்லை. அதன் நூல்கள் கிராஸ்னயார்ஸ்கின் மாநில நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.